எக்ஸ்-மென் காமிக்ஸை எங்கே ஆரம்பிப்பது? தனியாக அலைந்து கண்டுபிடித்த வழி

பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மியூட்டன்ட்கள் என்பவர்களின் அணிதான் எக்ஸ்-மென். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இந்தக் கதைகளின் மூலத்தைக் காமிக்ஸாகவே படிக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த ஆசை வந்தபோது என்னைச் சுற்றி இதைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு பதில். முதலிலிருந்து படி என்பார் ஒருவர், முதலிலிருந்து மட்டும் படிக்காதே என்பார் இன்னொருவர். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, 10,000 ரூபாய்க்கு மேல் உதவாத தொகுப்புகளில் கரைத்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்து படிக்கவே முடிந்தது. அந்த ஒரு வருடத்தில் பல தடவை, இது நமக்கு வேண்டாத வேலை, விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. விட்டிருந்தால் எவ்வளவு நல்ல கதைகளை இழந்திருப்பேன் என்று இப்போது நினைத்தால் பதறுகிறது.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொண்டால், கையில் கிடைக்கும் இதழில் கதை தொடங்கி அந்த இதழிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். முந்தைய இதழ் கிடைக்கவில்லையே என்ற கவலை வராது. எக்ஸ்-மென் அப்படி இல்லை. 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கியது, இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் எத்தனையோ கதாசிரியர்கள் வந்து போனார்கள், ஒரே தொடர் ஐந்தாறாகக் கிளைவிட்டது, 1975-ல் வில்லனாக வந்த ஒரு தீவு 2019-ல் திரும்பி வந்து கதையின் நடுநாயகமாக உட்கார்ந்தது. இவ்வளவையும் முழுதாகப் படித்துத் தீர்க்க வேண்டும் என்று நினைத்தால் யாருக்கும் மலைப்புதான் வரும்.

நான் முதலில் வாங்கியது முதுகில் பெரிதாக 1 என்று போட்டிருந்த ஒரு தொகுப்பு. அன்கேனி எக்ஸ்-மென், முதல் தொகுதி. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி 2013-ல் தொடங்கிய தொடர் அது. 1 என்று போட்டிருந்தால் முதல் கதை என்றுதானே எவரும் நினைப்போம்? பிரித்தால், எக்ஸ்-மென் அணியின் தலைவராக இருந்த சைக்ளாப்ஸ் முகத்தில் எக்ஸ் வடிவத்தில் ஒரு முகமூடி, ஊரே தேடும் குற்றவாளியாக ஓடிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் கூட்டாளியாக மேக்னீட்டோ நிற்கிறார். படங்களில் பார்த்த பரம எதிரி! அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் செத்துப்போயிருக்கிறார், அவரைக் கொன்றது யார் என்பதைப் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி ஆளாளுக்குப் பேசிக்கொள்கிறார்கள். எல்லோருடைய சக்தியும் ஏதோ ஒரு காரணத்தால் பழுதாகியிருக்கிறது, அந்தக் காரணம் அதற்கு முந்தைய வருடம் வந்த வேறொரு பெருங்கதையில் இருக்கிறது. போதாததற்கு, 1960-களின் பழைய ஐந்து எக்ஸ்-மென்கள் காலத்தைக் கடந்து வந்து அதே சமயத்தில் இன்னொரு தொடரில் உலாவுகிறார்கள், அந்தத் தொடருக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கிறிஸ் பச்சாலோவின் ஓவியங்கள் அற்புதமாக இருந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பாதிப் புத்தகத்தில் மூடிவைத்துவிட்டேன். ஒரு கதையின் மிகப் பெரிய சாவை, அந்த மனிதரோடு ஒரு நாள்கூடப் பழகாமலே தெரிந்துகொண்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்புறம்தான் தெரிந்தது, எக்ஸ்-மென் என்ற பெயரில் முதல் இதழ் என்பது ஒன்றே ஒன்று கிடையாது. 1963, 1991, 2010, 2013, 2019, 2021, 2024 என்று ஒவ்வொரு தடவை தொடரைப் புதுப்பிக்கும்போதும் எண்ணை 1-க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அன்கேனி எக்ஸ்-மென் என்ற பெயருக்கு இதேபோலத் தனியாக ஒரு வரிசை இருக்கிறது. புது வாசகர்களை வரவேற்கத்தான் 1 போடுகிறார்கள், ஆனால் உள்ளே கதை பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எண்கள் செய்யும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 114-ஆம் இதழ் என்று தேடினால் இரண்டு கிடைக்கும். ஒன்று 1978-ல் வந்தது, அட்டையில் அன்கேனி என்ற சொல் முதன்முதலாக ஏறிய இதழ். இன்னொன்று 2001-ல், கிராண்ட் மாரிசன் எழுத வந்தபோது நியூ எக்ஸ்-மென் என்ற பெயரில் வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனால் வாங்கும் முன் தொடரின் பெயரோடு ஆண்டையும் சேர்த்தே பாருங்கள், எண்ணை மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள்.

அடுத்ததாக, சரி, ஆதியிலிருந்தே படித்துவிடலாம் என்று 1963-க்குப் போனேன். அந்த முதல் இதழிலேயே சேவியர் இருக்கிறார், மேக்னீட்டோ இருக்கிறார், சைக்ளாப்ஸ், ஜீன் கிரே, பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன் என்று ஐந்து மாணவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாசிப்பு ஓடவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு இதழிலும் ஒரு வில்லன் வருவார், ஐந்து பேரும் தங்கள் சக்தியைத் தாங்களே உரக்க விவரித்தபடி சண்டை போடுவார்கள், கடைசிப் பக்கத்தில் ஜெயிப்பார்கள். ராத்திரி தூங்கும் முன் ஒரு இதழ் என்று வைத்துக்கொண்டேன், வாரக்கணக்கில் படித்தும் கதையில் எனக்கென்று ஒருவரும் நெருக்கமாகவில்லை. அந்தக் காலத்து வாசகர்களுக்கும் இது பெரிய ஈர்ப்பாக இல்லை என்பதற்குச் சாட்சி விற்பனைதான். 1970-ல் 66-ஆம் இதழோடு புதிய கதைகளை நிறுத்திவிட்டு, அதன்பிறகு ஐந்து வருடம், 93-ஆம் இதழ் வரைக்கும், பழைய கதைகளையே மறுபதிப்பாகப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். இதில் கடைசியில் ராய் தாமஸ் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த இதழ்கள் மட்டும் வேறு தரம், கட்டங்களைச் சாய்த்தும் உடைத்தும் அவர் பக்கத்தை அமைக்கும் விதத்துக்காகவே பார்க்கலாம். மற்றபடி 1963-லிருந்து தொடங்கச் சொல்கிறவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். எக்ஸ்-மென்னை ஏற்கெனவே நேசிப்பவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

மூன்றாவதாக மாட்டிக்கொண்டது கால வரிசைப் பட்டியலில். கதைக்குள் எது முதலில் நடந்ததோ அந்த வரிசையில் எல்லாத் தொடர்களையும் அடுக்கி வைத்த பட்டியல்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பார்க்கிறபோது அப்பாடா என்று இருக்கும். இறங்கினால்தான் தெரியும், 2006-ல் வந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் கதைகள் 1960-களின் இதழ்களுக்கு நடுவே செருகப்பட்டிருக்கும், ஏனென்றால் அவற்றில் நடப்பது அந்தக் காலம். டெட்லி ஜெனிசிஸ் என்று ஒன்று 2005-ல் தொடங்கியது, புது அணி உருவான 1975-ஆம் ஆண்டுக் கதைக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருந்ததாக முப்பது வருடம் கழித்து எழுதியது. அந்த ரகசியத்தை முதலிலேயே படித்துவிட்டால் 1975 கதையைப் படிக்கும்போது சேவியரை உங்களால் நம்பவே முடியாது. அது தெரியாமல் முப்பது வருடம் நம்பிய வாசகர்களுக்காக எழுதியதல்லவா அது? அதனால் எப்போதும் வெளியான வரிசையிலேயே படியுங்கள். கதாசிரியர் எந்த வரிசையில் நமக்குச் சொல்ல நினைத்தாரோ அந்த வரிசையில் கேட்பதுதான் சுகம்.

பணம் அதிகம் போனது தொகுப்புகள் வாங்கியதில்தான். ஜீன் கிரேயைப் பற்றிய டார்க் ஃபீனிக்ஸ் கதையை எல்லோரும் புகழ்கிறார்களே என்று அந்தப் பெயரில் தனித் தொகுப்பு ஒன்று வாங்கினேன். அப்புறம், எக்ஸ்-மென்னை வெளியிடும் மார்வெல் நிறுவனம் பழைய இதழ்களை வரிசையாகத் தொகுத்துப் போடும் எபிக் கலெக்‌ஷன் வரிசையில் ஒரு புத்தகம் வாங்கினால் அதே இதழ்கள் மறுபடி உள்ளே இருக்கின்றன. ஆம்னிபஸ் என்ற தலையணை சைஸ் ஹார்ட்கவர் முதல் பாகத்தை, முழுக் கதையும் ஒரே இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில், செகண்ட் ஹேண்டாக 6,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது 131-ஆம் இதழில் முடிகிறது. டார்க் ஃபீனிக்ஸ் கதை ஓடுவது 129-லிருந்து 137 வரை! கதை சூடு பிடிக்கிற இடத்தில் புத்தகம் முடிந்துவிட்டது. விற்றவர் அட்டைப் பெட்டிக்குள் ஒரு சுற்று செய்தித்தாள் மட்டும் வைத்து அனுப்பியிருந்ததால் இரண்டு மூலைகள் நசுங்கி, முதுகு லேசாகக் கிழிந்து வந்தது. கேட்டால் கூரியர்காரரைக் கேளுங்கள் என்றார், கூரியரில் கேட்டால் அனுப்பியவரைக் கேளுங்கள் என்றார்கள். பணம் திரும்ப வரவே இல்லை. அன்றைக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டேன், சில மாதம் தொடவே இல்லை.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது, தொகுப்பின் பெயரையும் தொகுதி எண்ணையும் பார்த்து வாங்காதீர்கள். பின்னட்டையிலோ உள்ளே முதல் பக்கத்திலோ சின்ன எழுத்தில் எந்தத் தொடரின் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று போட்டிருப்பார்கள். இணையத்தில் வாங்கினால் விற்பவரிடம் அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இதழ் எண்களைக் கைப்பேசியில் ஒரு இடத்தில் குறித்து வைத்துக்கொண்டால் ஒரே கதையை இரண்டு தரம் வாங்குவது நின்றுவிடும். எபிக் கலெக்‌ஷனில் இன்னொரு விஷயம், அதன் தொகுதி எண்கள் கதையின் வரிசைப்படிதான் இருக்கும், ஆனால் புத்தகங்கள் அந்த வரிசையில் வெளியாகவில்லை. அதனால் 5 கிடைக்கும், 8 கிடைக்காது, 19 புதிதாக வந்திருக்கும். நடுவில் ஒரு எண் இல்லையென்று பதறி அதிக விலை கொடுக்க வேண்டாம், மறுபதிப்பு வரும்வரை பொறுத்திருக்கலாம். கனமான புத்தகங்கள் பார்சலில் வந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே வீடியோ எடுத்துவிடுங்கள். அது இல்லாததால்தான் என் வாதம் எடுபடவில்லை.

பழைய இதழ் விற்கிற ஒருவர் என்னிடம் 1991-ஆம் ஆண்டு எக்ஸ்-மென் முதல் இதழை அரிய பொக்கிஷம் என்று சொல்லி சில ஆயிரங்களுக்கு விற்கப் பார்த்தார். ஜிம் லீ வரைந்தது, அட்டையைப் பார்த்தாலே ஆசை வரும். நல்லவேளை, அதற்குள் நான் கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டிருந்தேன். அந்த இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, உலக சாதனையாகவே கின்னஸில் பதிவானது, ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு வந்ததால் ஒரே ஆள் ஐந்தையும் வாங்கினார்கள். இவ்வளவு அச்சடித்த ஒன்று எப்படி அரியதாக இருக்கும்? அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பலர் இந்த 1991 இதழைத் தொடக்கமாகப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதன் முதல் மூன்று இதழ்கள், கிறிஸ் கிளேர்மான்ட் என்ற மனிதர் 1975-லிருந்து பதினாறு வருடம் விடாமல் எழுதிவந்த நீண்ட கதையின் கடைசி மூன்று அத்தியாயங்கள். சேவியருக்கும் மேக்னீட்டோவுக்கும் இடையே அத்தனை வருடம் வளர்ந்த உறவு அங்கே முறிகிறது. முதலில் படித்தால் அழகான படங்கள், கடைசியில் படித்தால் நெஞ்சு கனத்துவிடும்.

எனக்கு வழி திறந்தது பெங்களூரு சர்ச் தெருவில் ஒரு பழைய புத்தகக் கடையில். எசென்ஷியல் எக்ஸ்-மென், முதல் பாகம். செய்தித்தாள் போன்ற மட்டமான தாளில், வண்ணமே இல்லாமல் கறுப்பு வெள்ளையில், செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். ஓரமெல்லாம் மஞ்சளாகி, முதல் பக்கத்தில் யாரோ பேனாவால் கிறுக்கி வைத்திருந்தார்கள். 300 ரூபாய். இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது படிக்க ஏதாவது இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன். பின்னட்டையில் 1975-ஆம் ஆண்டு ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழும், எக்ஸ்-மென் 94 முதல் 119 வரையும் என்று இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் முதல் பக்கத்தைப் புரட்டியவன், சேலம் தாண்டும் வரை கைப்பேசி வெளிச்சத்தில் படித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஜெயன்ட்-சைஸ் இதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், லென் வீன் எழுதி டேவ் காக்ரம் வரைந்தது. பழைய அணி ஒரு தீவில் மாட்டிக்கொண்டுவிட, சேவியர் உலகம் முழுக்கப் போய்ப் புது ஆட்களைத் திரட்டுகிறார். முதலில் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். ராத்திரி. தீப்பந்தங்களோடு ஊரே கூடி ஒருவனை விரட்டுகிறது, நீல நிறத் தோலும் வாலும் கொண்டவன் என்பதைத் தவிர அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவர்கள் கையில் சாகப்போகிற கணத்தில் சேவியர் வந்து கூட்டத்தை உறையவைக்கிறார். அந்த கர்ட் வாக்னர்தான் நைட்கிராலர். என்னைச் சாதாரணமானவனாக மாற்ற முடியுமா என்று அவன் கேட்க, இவ்வளவு பார்த்த பிறகும் அப்படி ஆக வேண்டுமா என்கிற பொருளில் சேவியர் திருப்பிக் கேட்பார். அடுத்து கனடாவின் ராணுவ முகாமில் வுல்வரின், கென்யாவில் மழையைப் பொழியவைத்து மக்களால் தெய்வமாக வணங்கப்படும் ஸ்டார்ம், ஜப்பானில் சன்ஃபயர், அரிசோனாவில் காட்டெருமையோடு மல்லுக்கட்டும் அப்பாச்சி பழங்குடி இளைஞன். சைபீரியாவில் ஒரு கூட்டுப்பண்ணை, வயலில் ஓடிவரும் டிராக்டர் முன்னால் தங்கை நிற்கிறாள், அண்ணன் ஓடிப்போய் உடம்பை இரும்பாக்கிக்கொண்டு குறுக்கே நிற்கிறான், டிராக்டர் நொறுங்குகிறது. கொலாசஸ் யார், எப்படிப்பட்டவன் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துபோகிறது.

வேறு எதையும் படித்திருக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லவே இல்லை. புதியவர்களுக்கும் எக்ஸ்-மென் என்றால் என்னவென்று தெரியாது, நமக்கும் தெரியாது, அவர்கள் கற்றுக்கொள்ளக் கொள்ள நாமும் கற்றுக்கொள்கிறோம். பிறப்பை வைத்து ஒருவரை ஊரே ஒதுக்கி விரட்டுவது என்பது நமக்கு விளக்கிச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்ன? அந்தத் தீப்பந்தப் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த 94-ஆம் இதழிலிருந்து கிளேர்மான்ட் கையில் எடுக்கிறார், 108-லிருந்து ஜான் பைர்ன் வரைய வருகிறார், அதன்பிறகு ஏறுமுகம்தான். அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி தொடரின் முதல் இதழ் எது என்பது. இப்படிப்பட்ட தொடர்களில் தேட வேண்டியது, ஒரு நல்ல கதாசிரியர் எந்த இதழில் பொறுப்பேற்கிறார், எதில் விடைபெறுகிறார் என்பதை. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பதுதான் ஒரு நாவல். பேட்மேனோ ஸ்பைடர்மேனோ எதை எடுத்தாலும் இப்படித் தேடிப் பாருங்கள், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போன்ற உணர்வு போய்விடும்.

இந்த வழியில் போகிறவர்களுக்குப் படிக்கும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. கிளேர்மான்ட் நிறைய எழுதுவார். பேச்சுக் குமிழ்கள் கட்டத்தை நிறைக்கும், ஒவ்வொருவரின் சக்தியும் இதழுக்கு இதழ் மறுபடி விளக்கப்படும், ஏனென்றால் அன்றைக்குக் கடையில் முதல் தடவையாக வாங்குகிற பிள்ளைக்கும் புரிய வேண்டுமே. ஒரே மூச்சில் பத்து இதழ் படித்தால் சலிப்புத் தட்டும். நாளுக்கு இரண்டு போதும், ருசித்துப் படிக்கலாம். கட்டத்தின் ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு, இது இன்ன இதழில் நடந்தது என்று ஆசிரியர் குறிப்பு வரும். ஆரம்பத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் நின்று அந்த இதழைத் தேடிப் போய் நான் பல வாரங்களை விட்டேன். தேவையே இல்லை, அடுத்த வசனத்திலேயே தேவையானதைச் சொல்லிவிடுகிறார். ஓரிடத்தில் ஒரு பெண் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொள்வாள், பத்திருபது இதழ் கழித்து அது பெரிய கதையாக வெடிக்கும். அந்தக் காத்திருப்பின் ருசி தொடராகப் படித்தால் மட்டும்தான் கிடைக்கும். விக்கிப்பீடியாவில் பாத்திரங்களின் பெயரைத் தேடவே தேடாதீர்கள், முதல் பத்தியிலேயே யார் சாகிறார், யார் திரும்புகிறார் என்று போட்டுவிடுவார்கள். ஜீன் கிரேயின் கதையை முடிவு தெரியாமல் படிக்கும் பாக்கியம் உங்களுக்கு இன்னும் மிச்சமிருந்தால் அதைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். படங்களில் காட்டிய முடிவு வேறு, 137-ஆம் இதழில் இருப்பது வேறு.

எசென்ஷியல் வரிசை இப்போது அச்சில் இல்லை, பழைய கடைகளில் கிடைத்தால் அதிர்ஷ்டம். புதிதாக வாங்குவதென்றால் எபிக் கலெக்‌ஷனில் 5, 6, 7 ஆகிய மூன்றும் போதும். ஐந்தாவது 1975-லிருந்து 110-ஆம் இதழ் வரை, ஆறாவது 111 முதல் 128 வரை, ஏழாவது 129 முதல் 143 வரை. அந்த ஏழாவதில் டார்க் ஃபீனிக்ஸ் முழுதாக இருக்கிறது, டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட் கதையும் இருக்கிறது. ஒரு முழுநீளப் படமாக எடுத்தார்களே, அந்தக் கதை காமிக்ஸில் வெறும் இரண்டே இதழ்கள், 141-ம் 142-ம். வண்ண அட்டைப் புத்தகங்கள் இறக்குமதி என்பதால் டாலரோடு சேர்ந்து விலையும் ஏறி இறங்கும், ஆண்டு விற்பனைத் தள்ளுபடிகளில் கண் வைத்திருங்கள். திரையில் படிக்கச் சங்கடப்படாதவர் என்றால் மார்வெல் அன்லிமிடெட் செயலியின் சந்தா எல்லாவற்றையும்விட மலிவு. பழைய இதழ்கள் கொட்டிக் கிடக்கின்றன, புதியவை ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து வரும். ஆனால் கைப்பேசியில் கிளேர்மான்ட்டின் எழுத்தைப் படித்தால் கண் வலிக்கும், பத்து அங்குல டேப்லெட்டாவது வேண்டும். என் கணக்கில், ஒரு மாதம் சந்தா கட்டி, ஜெயன்ட்-சைஸிலிருந்து ஒரு இருபது இதழ் படித்துப் பார்த்து, பிடித்தால் மட்டும் புத்தகம் வாங்குவதுதான் சரியான வழி. எனக்கு யாராவது இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த நசுங்கிய ஆம்னிபஸ் என் வீட்டுக்கு வந்தே இருக்காது.

அவ்வளவு நேரம் இல்லை, ஒரே ஒரு புத்தகம் படித்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு 1982-ல் வந்த காட் லவ்ஸ், மேன் கில்ஸ். கிளேர்மான்ட் எழுத்து, ப்ரென்ட் ஆண்டர்சன் ஓவியம். முன்கதை தெரிய வேண்டாம், பின்கதையைத் தேடவும் வேண்டாம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். கடவுளின் பெயரால் மியூட்டன்ட்களை ஒழிக்கக் கிளம்பும் ஒரு மதபோதகர்தான் வில்லன். முதல் இரண்டு மூன்று பக்கங்கள் மிகக் கொடுமையானவை, குழந்தைகள் சம்பந்தப்பட்டவை, அதனால் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இது உங்களை உலுக்கவில்லை என்றால் எக்ஸ்-மென் உங்களுக்கானது இல்லை என்று தாராளமாக விலகிவிடலாம். மேற்கொண்டு ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம்.

பழைய நடை ஒத்துவராது, இந்தக் காலத்து வேகம் வேண்டும் என்றால் 2001-ல் மாரிசன் தொடங்கிய நியூ எக்ஸ்-மென் 114-லிருந்து 154 வரை படிக்கலாம். ஓவியர்கள் அடிக்கடி மாறுவார்கள், சில இதழ்கள் அவசரமாக வரைந்தது அப்பட்டமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கதை துணிச்சலானது. அதை ஒட்டியே 2004-ல் ஜாஸ் வீடன் எழுதி ஜான் கசாடே வரைந்த அஸ்டானிஷிங் எக்ஸ்-மென் தொடங்குகிறது, 24 இதழ்கள், முடிவாக ஒரு ஜெயன்ட்-சைஸ், எல்லாவற்றுக்கும் ஒரே ஓவியர். அவசரமாக ஒரு நண்பருக்குப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். சிறுவயதிலேயே அணியில் சேர்ந்த கிட்டி பிரைடு பல வருடம் கழித்து எக்ஸ்-மென் பள்ளி நடக்கும் மாளிகைக்குத் திரும்பி வரும் காட்சி, பழையதைப் படிக்காதவருக்கும் புரியும், படித்தவருக்கு இன்னும் ஆழமாகப் போய்த் தொடும்.

2019-ல் ஜொனாதன் ஹிக்மன் எழுதிய ஹவுஸ் ஆஃப் எக்ஸ், பவர்ஸ் ஆஃப் எக்ஸ் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆளுக்கு ஆறு இதழ்கள் கொண்ட இரண்டு தொடர்கள், ஆனால் இரண்டையும் கலந்துதான் படிக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போனால் குழம்பிவிடும். சேர்த்துப் போட்ட தொகுப்பில் சரியான வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், அதையே வாங்குங்கள். அந்த 12 இதழ்களும் பிரமாதம். அதற்கடுத்து ஒரே வீச்சில் ஆறு தொடர்கள் கிளம்புகின்றன, அடுத்த வருடமே 22 பாகங்கள் கொண்ட ஒரு கூட்டுக்கதை எல்லாத் தொடர்களையும் இழுத்து முடிச்சுப் போடுகிறது. எல்லாவற்றையும் தொடர வேண்டும் என்று இறங்கினால் பணமும் போகும், ஆர்வமும் போகும். 12-ஐப் படித்துவிட்டு நின்றுவிடலாம், அல்லது ஹிக்மன் எழுதிய எக்ஸ்-மென் தொடர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். 1975 கதையைப் படித்துவிட்டு இதற்கு வந்தால், அன்று அவர்களை விழுங்கப் பார்த்த அதே கிரகோவா தீவு இன்று அவர்களுக்கு நாடாகிறது என்பதன் கனம் தெரியும். எனக்கு அது பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது.

பழைய வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் கடைசியாக இரண்டு குறிப்புகள். அன்கேனி எக்ஸ்-மென் பழைய தொடரில் 172-ஆம் இதழுக்குப் போவதற்கு முன் 1982-ல் கிளேர்மான்ட்டும் ஃப்ராங்க் மில்லரும் சேர்ந்து செய்த வுல்வரின் நான்கு இதழ்த் தொடரைப் படித்துவிடுங்கள், ஜப்பானில் நடப்பது, 172-ம் 173-ம் அதன் நேரடித் தொடர்ச்சி. அதேபோல 209-ஆம் இதழ் வரை இந்த ஒரு தொடரை மட்டும் படித்தாலே கதை பெரும்பாலும் முழுதாகப் புரியும். 1986-ல் 210-லிருந்து தொடங்கும் மியூட்டன்ட் மசாக்கர்தான் பல தொடர்களில் பரவிய முதல் பெரிய கூட்டுக்கதை, எக்ஸ்-ஃபேக்டர், நியூ மியூட்டன்ட்ஸ், தோர் என்று ஓடும். அங்கே வந்ததும் தனித்தனியாகத் தேடி அலையாமல் அந்தக் கதையின் பெயரிலேயே வந்திருக்கும் தொகுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். நான் இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.